கருவாடு கூறும் வரலாறு

நண்பகல் உணவு மணி அடித்துச் சிறிது நேரம் சென்றிருக்கும். எட்டாம் வகுப்பிலிருந்து பெருஞ்சிரிப்பு எழுந்தது. சென்று பார்த்தேன். மாணவன் ஒருவன் தன் உணவுப் பெட்டியை அவசரமாக மூடிக்கொண்டு சுவரோரம் தலைகுனிந்து அமர்ந்திருந்தான். சுற்றி நின்ற நால்வர் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தனர். பெட்டிக்குள் இருந்தவை பழஞ்சோறும், தணலில் சுட்ட இரண்டு துண்டுக் கருவாடும். குற்றம் அவ்வளவே!

அன்று பிற்பகல் எனக்கு இலக்கண வகுப்பு. பாடம் ஆகுபெயர். தொழிலாகுபெயருக்கு நம் பாடநூல்கள் வழிவழியாகக் காட்டும் எடுத்துக்காட்டு 'வற்றல் தின்றான்' என்பது. வற்றுதல் ஒரு தொழில்; அத்தொழிலின் பெயர் வற்றிய பொருளுக்கு ஆகி வந்தது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து வாய் திறவாதிருந்த அந்தச் சிறுவன் எழுந்தான். "ஐயா, கருவாடு தின்றான் என்றாலும் அப்படித்தானா?" என்றான். மீண்டும் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்ட கேள்வி சிரிப்புக்குரியதா? இலக்கணத்தின் இதயத்தையே தொட்டுவிட்ட கேள்வி அல்லவா அது? வற்றல் ஏறிய ஏட்டிலே கருவாடு ஏறாதது ஏன் என்று அவன் கேட்காமல் கேட்டுவிட்டான். அவனுக்கு அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. நூலகத்தில் சில மாலைகள் செலவிட்டபின் எழுதும் முழு விடை இது.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். கரு, வாடு என்னும் இரண்டு உறுப்புகள். இரண்டும் தமிழ். வாடுதல் என்றால் ஈரம் அற்றுச் சுருங்குதல். பூ வாடும்; பயிர் வாடும்; பசித்தவன் முகம் வாடும். வற்று என்னும் தொழிலிலிருந்து வற்றல் என்ற பெயர் பிறந்தது போலவே, வாடு என்னும் தொழில் தானே பெயராக நின்று வாடிய பொருளைக் குறிக்கிறது. ஆக, சிறுவன் கேட்டது முற்றும் சரி. இலக்கண நூலார் 'கருவாடு தின்றான்' என்று எழுதியிருந்தாலும் இலக்கணம் எள்ளளவும் கெட்டிருக்காது!

வாடு என்பதற்குப் பழமையும் உண்டு. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், எயிற்றியர் சமைத்தளிக்கும் உணவைக் கூறும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், 'வாடூன்' என்ற சொல்லை ஆள்கிறார். வாடிய ஊன், அதாவது உலர்த்திய இறைச்சி. காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட இந்தத் தொண்டை நாட்டிலேயே, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், வாட்டி வைத்து உண்ணும் வழக்கமும் அதற்கொரு பெயரும் இருந்திருக்கின்றன.

இனிக் கரு. இங்கேதான் கற்பனைக் குதிரைகள் கட்டவிழ்ந்து ஓடுகின்றன. கரு என்றால் சினை, ஆகவே சினை மீனை வாட்டியது என்பார் சிலர். விரல் நீள நெத்திலியை வயிறு கீறாமல் அப்படியே மணலில் பரப்பிக் காய வைக்கிறார்களே, அதில் சினையை யார் தேடினார்? கடற்கரையில் மீன் காய வைக்கும் கொட்டகைக்கு 'வாடி' என்று பெயர், அதிலிருந்து வந்தது வாடு என்று சொல்வாரும் உண்டு. சென்னையிலே மரவாடி உண்டு; விறகுவாடி உண்டு. அங்கெல்லாம் மீனா காய்கிறது? வாடி என்பது அடைப்புள்ள இடம்; வாடு என்பது உலர்தல். ஒலி ஒன்றுபட்டால் உறவும் ஒன்றுபடும் என்று எண்ணுவது சொல்லாராய்ச்சி ஆகாது, சோதிடம் ஆகும். வடமொழிப் பற்றாளர் எந்தத் தமிழ்ச் சொல்லுக்கும் வடமொழி மூலம் காட்டியபோது நாம் நகைத்தோம். அதே தவற்றைத் தமிழ்ப்பற்றின் பெயரால் நாம் செய்யலாகாது.

கரு என்பதற்குக் கருமை என்ற நேர்பொருளே போதும் என்பது என் கருத்து. "நெத்திலிக் கருவாடு வெள்ளி போல மின்னுகிறதே, கருப்பு எங்கே?" என்று கேட்கலாம். உழவனைக் கேளுங்கள். மழை பொய்த்த ஆண்டில் பயிர் 'கருகிவிட்டது' என்பான். வயலிலே நிற்பது வைக்கோல் நிறத்துப் பயிர்தான். ஆயினும் கருகியது என்றே சொல்வான். கருமை என்பது நிறத்தின் பெயராக நில்லாமல், வெயிலும் நெருப்பும் ஒரு பொருளின் மேல் செய்துவிட்டுப் போகும் வேலையின் பெயராகவும் தமிழில் வழங்குகிறது. கருகு, கருக்கு என்பனவெல்லாம் அந்த வழியில் வந்தவை. வெயிலில் கருகி வாடியது கருவாடு. கடற்கரை மணலில் கிடந்த மீனைக் கண்டவன் வைத்த பெயர் அது.

ஆனால் சங்கப் பாட்டிலே கருவாடு என்னும் சொல்லைத் தேடினால் கிடைக்காது. பொருள் இருக்கிறது, பெயர் வேறு. உணங்கல், உணக்கல் என்பன அக்காலத்துச் சொற்கள். உணங்குதல் என்றாலும் உலர்தலே. நெய்தல் பாடுவதில் வல்லவரான உலோச்சனாரின் அகநானூற்றுப் பாட்டில் (20), தந்தை கடலிலிருந்து கொணர்ந்த கொழுத்த மீனின் உணங்கலைப் பறவைகள் கவராதபடி மகள் காவல் இருக்கிறாள். குடவாயிற் கீரத்தனார் பாட்டில் (அகம் 60) உப்பை விற்று வாங்கிய நெல்லின் சோறும், புளிக்குழம்பும், கொழுமீன் துண்டும் மீன்பிடித்துக் களைத்த தந்தைக்கு மகள் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். எந்தப் புலவரும் இங்கே மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை!

சிறுபாணாற்றுப்படை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனுக்கு எயிற்பட்டினத்திலே பரதவர் விருந்து வைக்கின்றனர். பழைய தேறல், அதற்குத் துணையாக வறண்ட குழல் மீன் சூட்டில் வாட்டியது. இன்றைய மரக்காணம்தான் அந்த எயிற்பட்டினம் என்பர் ஆராய்ச்சியாளர். இன்றும் மரக்காணத்தில் உப்பளங்கள் உண்டு. மீனவர் குப்பங்கள் உண்டு. பரிசில் பெறப் போகும் கலைஞனுக்கு வழியிலே வைத்த விருந்தில் சுட்ட கருவாடு இருந்தது என்று புலவர் பெருமையோடு பாடுகிறார். அதே விருந்து இன்று ஒரு சிறுவனின் உணவுப் பெட்டிக்குள் நாணி ஒளிகிறது.

உணங்கல் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. மலையாளத்துக்குப் போய்ப் பாருங்கள், உணக்கமீன் என்கிறார்கள். கன்னடத்திலே ஒணமீனு. உணங்கு, ஒணகு எல்லாம் ஒரே வேர். தெலுங்கிலே எண்டு சேப என்பர். எண்டு என்றால் வெயிலில் காய்தல். எண்ட என்றால் வெயில். தமிழுக்கு இது அயலா? சங்க நூல்களில் 'என்றூழ்' என்று கதிரவனின் வெம்மைக்குப் பெயர் உண்டே, அதன் உடன்பிறப்பு அது. 1961இல் பர்ரோவும் எமனோவும் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியைப் புரட்டினால் இந்த உறவுகள் அடுக்கடுக்காக வரும். 1856இல் கால்டுவெல் காட்டிய குடும்ப உறவைக் கோவில் கல்வெட்டிலே மட்டும் தேட வேண்டியதில்லை. சமையற்கட்டுப் பரணில் தொங்கும் கருவாட்டுக் கூடையிலும் காணலாம். தமிழ் உணங்கலைப் பின்னுக்குத் தள்ளிக் கருவாட்டை முன்னே வைத்துக்கொண்டது. உடன்பிறந்த மொழிகள் பழையதைக் காத்துவைத்தன. கடலைத் தாண்டிச் சிங்களத்தில் 'கரவல' என்றால் உலர்ந்த மீன். ஒலியும் பொருளும் அண்டை வீட்டு உறவைச் சொல்கின்றன.

மீன் என்ற சொல்லும் அப்படியே. வேதத்திலே வழங்கும் சொல் மத்ஸ்ய. மீன என்பது வடமொழிக்குத் திராவிடத்திலிருந்து சென்றது என்பது மொழியறிஞர் பலர் ஒப்பிய முடிபு. அதற்கு மாறாக, நம் கடைகளில் 'மாசி' என்று விற்கிறார்களே, அந்தப் பெயர் மாலத்தீவு மொழியில் மீனைக் குறிக்கும் 'மஸ்' என்பதிலிருந்து வந்தது. அதன் மூலம் வடமொழி மத்ஸ்ய. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டை போல ஆகும்வரை உலர்த்துவது மாசி. 1343இல் மாலத்தீவுக்கு வந்த இபன் பதூதா, அந்த மீன் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் செல்வதை எழுதிவைத்திருக்கிறார். ஆகவே தோழர்களே, மொழித் தூய்மை பேசும் ஆர்வத்தில் மாசிச் சம்பலை ஒதுக்கிவிடாதீர்கள்! சொல் கடன் வாங்குவது குற்றமன்று. வாங்கிய கடனை மறைத்து, கொடுத்தவனையே இழிந்தவன் என்பதுதான் குற்றம்.

இப்போது அந்த நாற்றத்துக்கு வருவோம். கருவாடு நாறுகிறது என்பது பொய்யா? பொய்யன்று. ஆனால் எவ்வளவு நாறும் என்பது உப்பைப் பொறுத்தது. மீனின் உடலில் முக்கால் பங்குக்கு மேல் நீர். பிடித்த மீனைக் கீறிக் கழுவி, மூன்று நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்னும் அளவில் அடுக்கினால், உப்பு அந்த நீரை வெளியே இழுக்கும். நீரில்லாத இடத்தில் நுண்ணுயிர் பெருகாது. பின்பு வெயில் வேலையை முடிக்கும். உப்புக் குறைந்தால் உலர்வதற்குள் அழுகல் முந்திக்கொள்ளும். நல்ல கருவாட்டுக்கு ஒரு வாசம் உண்டு. உப்புக்கு வழியில்லாதவன் போட்ட கருவாட்டின் நாற்றம் வேறு.

உப்புக்கு வழியில்லாமற் செய்தது யார்? வெள்ளையர் அரசு உப்பைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு வரி விதித்தது. 1888இல் அந்த வரி ஒரு மணங்கு உப்புக்கு, அதாவது ஏறத்தாழ 37 கிலோவுக்கு, இரண்டரை ரூபாய். உப்பின் அடக்கவிலையைப் போலப் பல மடங்கு! கடலோரத்தில் பிறந்து, காலடியில் உப்புப் பூத்துக் கிடக்க, அதை அள்ளினால் சிறை. மீன்வளத்தை ஆராய்ந்த மருத்துவர் பிரான்சிஸ் டே, 1873இல் வெளியிட்ட அறிக்கையில் இந்த வரி மீன் பதனிடும் தொழிலை எப்படி நெரிக்கிறது என்பதை எடுத்துக் காட்டினார். நல்ல உப்பு வாங்க முடியாதவர்கள் உப்பு மண்ணைத் தடவியும், உப்பே இல்லாமலும் மீனை உலர்த்தினர். அதன் பின்னர்தான் சென்னை மாகாணக் கரையோரம் அரசின் மீன் பதனிடும் முற்றங்கள் வளர்ந்தன. அந்த முற்றத்துக்குள் மீனைக் கொண்டுவந்தால் வரியில்லாத உப்பு கிடைக்கும். வெளியே ஒரு பிடி கொண்டுபோக முடியாது. 1907இல் சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கென்று தனி அமைப்பு உருவாகக் காரணமாயிருந்த பிரடரிக் நிக்கல்சனும் இந்தத் தொழிலைத் திருத்தப் பாடுபட்டார். 1923இல் உப்பு வரி ஒரே அடியாக இரட்டிப்பாக்கப்பட்டது. மறு ஆண்டே குறைக்க நேர்ந்தது.

1930 ஏப்ரலில் வேதாரணியத்துக்கு நடந்த உப்பு யாத்திரையை நம் பாடநூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. சொல்லட்டும். ஆனால் சோற்றுக்கு இடும் உப்பைப் பற்றிப் பேசிய அளவுக்குக் கருவாட்டுக்கு இடும் உப்பைப் பற்றி எந்தப் பாடநூல் பேசிற்று? குடும்பத்துக்கு ஆண்டில் சில படி உப்புப் போதும். கருவாடு போடும் பெண்ணுக்கு மூட்டை மூட்டையாக வேண்டும். வரியின் முழுச் சுமையும் விழுந்தது அவள் தலையில். அவள் போட்ட கருவாடு நாறியபோது, வரியை யாரும் குறை சொல்லவில்லை. அவளைச் சொன்னார்கள், அவள் சாதியைச் சொன்னார்கள். உப்பு வரி 1947இல் ஒழிந்தது. வசை ஒழியவில்லை.

அந்தக் கருவாடு யாரைக் காத்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இலங்கை மலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம் மக்களின் சோற்றுக்கு அது துணை நின்றது. மேலைக்கரையில் அயிலை போன்ற மீன்களைக் கீறி, உப்போடு குடம்புளியும் சேர்த்து மரப் பீப்பாய்களில் அடைத்து ஏற்றுமதி செய்தனர். அதற்குக் கொழும்பு முறை என்றே பெயர். கடல் காணாத உள்நாட்டு ஊர்ச் சந்தைகளில் ஏழை உழவனுக்கும், ஏரியில் மண் சுமந்தவளுக்கும் ஊன் உணவு என்று கிடைத்தது பெரும்பாலும் கருவாடுதான். கெடாது, பனிப்பெட்டி கேட்காது, கையளவு இருந்தால் ஒரு பானைச் சோறு இறங்கும்.

உலகத்தைப் பாருங்கள். நார்வேக்காரன் காட் மீனைக் கடுங்குளிரில் காய வைத்து இத்தாலிக்கும் நைஜீரியாவுக்கும் விற்கிறான். போர்ச்சுகலில் உப்பிட்ட காட் மீன் பண்டிகை உணவு. சப்பானியர் மாசியைப் போன்ற ஒன்றைச் சீவிப்போட்டே தங்கள் குழம்பின் அடித்தளத்தை அமைக்கின்றனர். ரோமானியப் பேரரசில் மீனை உப்பிலிட்டு வடித்த சாறு பெருமக்கள் உணவில் இடம்பெற்றது. அங்கெல்லாம் அது நாகரிகம். இங்கே மட்டும் நாற்றமா?

'ஆசாரம்' என்பர். எந்த ஆசாரம்? வங்காளத்துப் பார்ப்பனர் மீன் உண்பர். காசுமீரத்துப் பண்டிதர் ஆட்டிறைச்சி உண்பர். ஆகவே மீனிலே தீட்டு இல்லை. தீட்டு, மீனைப் பிடித்தவன் மேலும் உலர்த்தியவள் மேலும் ஏற்றப்பட்டது. வெயிலும் உப்பும் மிளகாய்க்குச் செய்ததைத்தான் மீனுக்கும் செய்கின்றன. ஒன்று வற்றலாகிக் குழம்பிலே குதித்து, இலக்கண நூலிலும் ஏறி உட்கார்ந்தது. மற்றொன்று கருவாடாகிச் சேரிக்கும் குப்பத்துக்கும் ஒதுக்கப்பட்டது. வருணம் மனிதரைப் பிரித்ததோடு நிற்கவில்லை, சொற்களையும் பிரித்தது.

1957இல் திருவல்லிக்கேணி உணவு விடுதி ஒன்றின் முன் 'பிராமணாள்' என்ற பலகையை எதிர்த்துப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை சென்றார்களே, அந்தப் பலகைகள் இறங்கிவிட்டன. வேறு பலகைகள் கண்ணுக்குத் தெரியாமல் தொங்குகின்றன. ஈக்காட்டுத்தாங்கலில் நான் வாடகைக்கு வீடு தேடியபோது, ஒருவர் என் பட்டத்தைக் கேட்டார், ஊதியத்தைக் கேட்டார், எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். கடைசியாக, "வீட்டில் கருவாடு கிருவாடு சமைப்பதில்லையே?" என்றார். சமைப்போம் என்றேன். வீடு ஏற்கெனவே ஒருவருக்குச் சொல்லியாயிற்று என்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது! சாதி என்ன என்று கேட்க நாணுகிற காலம் வந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். கருவாட்டைக் கேட்டால் சாதியைக் கேட்டதாகாது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். (ஊரின் பெயரிலே தாங்கல் இருக்கிறது. தாங்கல் என்றால் பாசனத்துக்கு நீரைத் தாங்கி நிற்கும் ஏரி. அந்த நீர்நிலைகளில் கெளுத்தியும் விராலும் பிடித்து உண்டவர்களின் ஊர்தான் இதுவும்.)

இது சென்னை வீட்டுக்காரரோடு முடியும் கதையன்று. 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய மூதாட்டி ஒருவரை, நாறுகிறது என்று சொல்லி இறக்கிவிட்டனர். பேருந்து நிலையத்தில் நின்று அவர் நீதி கேட்டுக் கதறிய காட்சியை நாடே கண்டது. பணியாளர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். பயணச்சீட்டு வாங்கும் காசிலே நாற்றம் வீசவில்லை; அந்தக் காசை ஈட்டிய உடம்பிலே வீசிற்றாம்!

அந்த மூதாட்டியின் கதறலைப் படித்தபோது எனக்கு நற்றிணையின் 45ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. பாடியவர் பெயர் தெரியவில்லை. கொடிகள் ஆடும் கடைவீதி கொண்ட பழைய நகரத்துச் செல்வனின் மகன் தேரேறி வந்து பரதவர் மகளை விரும்புகிறான். தோழி அவனை நிறுத்தி வைத்துப் பேசுகிறாள். இவள் கடலைக் கலக்கி மீன் பிடிப்பவர் மகள். கொழுத்த சுறாவை அறுத்து உலர்த்திய உணக்கலுக்குக் காவலாகப் பறவை ஓட்டும் எங்களுக்கு உங்கள் அழகு எதற்கு? எங்கள் மேல் புலால் நாறும், எட்டி நில். கடல் தரும் விளைவால் வாழும் எங்கள் சிறிய நல்வாழ்வு உங்கள் வாழ்வோடு ஒப்பாகாது. ஆனால் எங்களுக்குள்ளும் தலைவர்கள் உண்டு. இதுதான் அவள் சொல்வதன் கருத்து. நாற்றத்தை அவள் மறைக்கவில்லை. பிறர் சொல்லுமுன் தானே சொல்கிறாள். நாணிக்கொண்டு சொல்லவில்லை, நிமிர்ந்து நின்று சொல்கிறாள். உரையாசிரியர்கள் இதைக் காதல் மறுப்பு என்பர், குறிப்பாக வரைவு வேண்டுதல் என்பர். துறை எதுவாயினும் ஆகுக. தன்மானம் என்ற சொல்லை நாம் மேடையில் முழங்குவதற்கு ஈராயிரம் ஆண்டு முன்பே, கருவாட்டுக்குக் காவல் நின்றவள் வாயில் அதன் பொருள் இருந்திருக்கிறது.

மறுநாள் அந்தப் பாட்டைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொன்னேன். பாடத்திட்டத்தில் இல்லாததை நடத்தினேன் என்று தலைமையாசிரியர் கேட்டால் விடை சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணிக்கொண்டேன். வகுப்பு அமைதியாக இருந்தது. சுவரோரத்து மாணவன் கை தூக்கினான்.

"ஐயா, சுறா உணக்கல் என்றால் எங்கள் ஆயா போடும் சுறாக் கருவாடா?"

"அதேதான்" என்றேன்.

"அதை எப்படிப் போடுவார்கள்?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். முதல் நாள் மூக்கைப் பொத்திய நால்வரில் அவனும் ஒருவன். சுறாவை எப்படிக் கீறுவது, உப்பை எத்தனை நாள் ஊறவிடுவது, மழை வந்தால் என்ன செய்வது என்று நம் சிறுவன் எழுந்து நின்று சொல்லத் தொடங்கினான். எனக்குத் தெரியாத செய்திகள் அதில் பல இருந்தன. நாற்காலியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.